நரிக்குச் சாப்பாடு கிடைத்ததா?

மலையை விட்டு இறங்கி ஐந்து மாதமாகிறது. அண்ணன் மகள் அங்கே கேட்ட கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டு இறங்கவில்லை.

“அத்தை, அந்த நரிக்கு அன்னைக்கு சாப்பாடு கெடச்சுதா?”

அவளுக்கு ஒன்பது வயது. லீட்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை பக்டன் பைக் மலைக்குக் கூட்டிப்போனான். யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் 702 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை. சகதி, புல், சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், ஓயாத காற்று. உச்சிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிலுவை. அதன் பீடத்தில் விமானத்தின் உடைந்த உலோகத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். அங்கேயே ஒரு வெண்கல நரித்தலையும் இருக்கிறது. சின்னதுதான். குனிந்தால்தான் கண்ணில் படும். குழந்தைக்குக் குனியாமலே பட்டுவிட்டது.

1942 ஜனவரி இறுதி. பிராம்கோட் தளத்திலிருந்து பயிற்சிக்காகக் கிளம்பிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று பனிப்புயலில் சிக்கி இந்த மலையில் மோதியது. அதிலிருந்த ஆறு பேரும் போலந்துக்காரர்கள். 1939இல் சொந்த நாடு பறிபோன பிறகு பிரிட்டனிலிருந்து போரைத் தொடர்ந்தவர்கள். வால்பக்கத் துப்பாக்கிக் கூண்டில் இருந்த யூசெஃப் ஃபுஸ்னியாக் கணுக்கால் முறிந்த நிலையில் உயிர் பிழைத்தார். இன்னொருவருக்கும் மூச்சு இருந்தது. ஆனால் நகர முடியாத காயம். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஃபுஸ்னியாக் உதவி தேடி இறங்கினார். எந்தப் பக்கம் போனால் ஊர் வரும் என்று தெரியாத வெண்மை. அப்போது பனியில் ஒரு நரியின் காலடித்தடம் தெரிந்தது. பசித்த நரி மனிதர் குடியிருக்கும் பக்கம்தான் இரை தேடிப் போகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, கிரே என்ற சிற்றூரை அடைந்தார். மேலே இருந்தவரை மீட்க முடியவில்லை. இறந்த ஐந்து பேரும் நியூவார்க் கல்லறையில் இருக்கிறார்கள். சிலுவையை 1973இல் எழுப்பியது பிழைத்தவரேதான்.

இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லி முடித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. “கெடச்சிருக்கும் கண்ணு” என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, வெண்கல மூக்கைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பார்வைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இத்தனை பேர் இறந்த இடத்தில் நின்றுகொண்டு நரியின் வயிற்றைப் பற்றி நினைக்கலாமா என்று முதலில் தோன்றியது. பிறகு, அந்தப் பசி இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே ஆள் இருந்திருக்காதே என்று தோன்றியது. அந்த மனிதர் நம்பிக் கால் வைத்தது ஒரு மிருகத்தின் பசியின்மேல். அந்தப் பசி என்ன ஆயிற்று என்று அவளைத் தவிர யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். குறள்கள் வரிசை மாறிப்போய்விட்டன, சாரம் நிற்கிறது. நாம் எதுவும் செய்யாதபோதே ஒருவர் செய்த உதவி, தக்க காலத்தில் வந்த உதவி, பலனை எடைபோடாமல் செய்த உதவி என்று வள்ளுவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். எல்லாவற்றிலும் மனம் வைத்துச் செய்த ஒருவர் இருக்கிறார். மனமே வைக்காமல், தன்பாட்டுக்குப் போன ஒன்றால் நமக்கு உயிர் கிடைத்தால் அதை எந்தக் குறளில் வைப்பது? பலனை எடைபோடாதது என்று பார்த்தால், நரியைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. ஆனால் அது உதவியே இல்லை என்றும் சொல்லலாம்.

எனக்கும் ஒரு தடம் உண்டு. எட்டு வயதிருக்கும். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிக் கண்மாய்க்கரை தாண்டிப் போனவள், பொழுது சாய்ந்ததும் பனங்காட்டுக்குள் திசை தப்பிவிட்டேன். எல்லாப் பனையும் ஒரே பனையாகத் தெரிந்தது. அழக்கூடப் பயமாக இருந்தபோது, மாட்டுவண்டி ஒன்றின் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியில் கட்டிய லாந்தர் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் அந்த வெளிச்சத்துக்குப் பின்னாலேயே நடந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வண்டிக்காரர் வைக்கோல்மேல் தூங்கிக்கொண்டிருந்தார். மாடுகளுக்கு வழி தெரியும், அவை தொட்டித்தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர்முகப்பு வந்ததும் நான் வீட்டைப் பார்த்து ஓடிவிட்டேன். வண்டி நிற்காமல் போய்விட்டது. அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை தன் வண்டிக்குப் பின்னால் நடந்தது அவருக்கும் தெரியாது.

அப்பத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது: “இன்னிக்கு நரி மொகத்துலதான்டி முழிச்சிருக்கே.”

அந்தச் சொலவடையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வெண்கலத் தலைக்கு முன்னால் நிற்கும்வரை அதன் பொருளை யோசித்ததில்லை. கதையில் காக்காயை ஏமாற்றி வடையைப் பறிப்பது நரி. வஞ்சகனுக்கு நாம் வைத்த பெயரும் நரிதான். அதே நரியின் முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்றும் நாமே சொல்லி வைத்திருக்கிறோம். இன்னொரு பழமொழியும் உண்டு: நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி. இந்த இரண்டாவது பழமொழிதான் நியாயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பக்டன் பைக்கில் நரி எந்தப் பக்கம் போனது என்பதுதான் எல்லாமாக இருந்தது.

இங்கே வந்ததும் என் யோசனை நின்றுவிடுகிறது. ஏனென்றால் மேலே ஒருவர் கிடந்தார். கீழே இறங்கியவருக்கு அந்தத் தடம் வழி. மேலே கிடந்தவருக்கு அது தோழனைத் தன்னிடமிருந்து கூட்டிக்கொண்டுபோன கோடு. இருவருக்கும் பெய்தது ஒரே பனி. பிழைத்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? முப்பத்தொரு வருடம் கழித்து மலைக்கு வந்து, ஐவரின் நினைவையும் தன் நன்றியையும் ஒரே பீடத்தில் வைத்திருக்கிறார். கல்வெட்டு கடவுளுக்கும் ஓர் உள்ளூர்க் குடும்பத்துக்கும் ஊராருக்கும் நன்றி சொல்கிறது. நரிக்கு எழுத்து இல்லை, தலை மட்டும்தான். நன்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும், விட்டுவிட்டால் துரோகமாகிவிடும் என்று நினைத்து, முகத்தை மட்டும் வைத்தாரோ? இது என் ஊகம். ஒருவேளை அவருக்கு இவ்வளவு சிக்கலாக இருந்திருக்காது.

எனக்கு இப்போது உறுத்துவது நான் சொன்ன பதில். “கெடச்சிருக்கும்” என்று சொன்னதில் ஓர் அவசரம் இருந்தது. நரிக்கும் வயிறு நிறைந்தது, மனிதரும் பிழைத்தார், கணக்கு நேராகிவிட்டது என்று முடித்துவிடும் அவசரம். மேலே கிடந்தவரை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் நேராகாது. வண்டிக்காரருக்கு நான் பட்ட கடனும் அப்படித்தான், கொடுக்க இடமில்லாமல் ஐம்பது வருடமாக என்னிடமே இருக்கிறது. ராத்திரியில் யாராவது வழி கேட்டால் பாதித்தூரம் கூடவே நடந்துபோய்க் காட்டிவிட்டு வருவேன். அதனால் கடன் குறைகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடும்போது, பிள்ளையிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொன்னது தப்பு, அந்த நரி சாப்பிட்டதா இல்லையா என்று அத்தைக்குத் தெரியாது கண்ணு என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவள் என்ன கேட்பாளோ, அதற்கும் என்னிடம் பதில் இருக்குமா என்பது தெரியாது.