காந்தம் ஒட்டாத இடம்



பிரியமானவர்களே, வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் நான் டிங்கரிங் வேலை செய்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஓமான் தேசத்தில், பாத்தினா கடற்கரை ஓரத்தில் ஒரு பட்டறையில் இருந்தேன். 2004-ஆம் வருஷம் அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை பிரசங்க பீடத்தில் சொன்னதில்லை. இந்த மாதம் அதை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

ஒரு வயதான மீன்பிடிக்காரர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். டட்சன் 620. நிசான் கம்பெனி 1972 முதல் 1979 வரை செய்த மாடல். அவருடைய தகப்பனார் வாங்கின வண்டி. தினமும் மீனும் ஐஸும் அதில்தான் போகும். ஐஸ் உருகி, உப்புத்தண்ணீர் மூலை முடுக்கெல்லாம் இறங்கும். போதாததற்குக் கடல் காற்று வேறே. ஆனால் வெளியே பார்த்தால் கதவுக்குக் கீழே பெயிண்டில் நாலைந்து கொப்புளம், அவ்வளவுதான்.

இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளம் கிளம்புகிறது. பெரும்பாலும் அது உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும். கொப்புளம் வெளியே தெரிகிறபோது உள்ளே பாதி தகடு போயிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். டிரைவர் கால் வைக்கிற தளத்தில், கிளட்ச் பக்கம், முனை அப்படியே உள்ளே போய்விட்டது. என் கண்ணால் பார்த்தேன். முதலாளியோ, "நாளைக்கே வண்டி போகணும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓட்டையில் பேப்பரைத் திணித்தேன். மேலே பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்து, மேட்டை விரித்துவிட்டேன். வண்டி புதுசு மாதிரி பளபளத்தது. பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

நாலு மாசம் கழித்து வந்தார். காலில் கட்டு. கிளட்சை மிதிக்கும்போது தளம் உடைந்து கால் கீழே இறங்கிவிட்டது. வண்டி மெதுவாய்ப் போனதால் பிழைத்தார். அவர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ பார்க்காமல் விட்டாயா, பார்த்து மூடினாயா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்நேரம் எசேக்கியேல் 13-ஆம் அதிகாரம் என் நெஞ்சில் அடித்தது. சுவர் நிற்காது என்று தெரிந்தும் சாரமற்ற சாந்தைப் பூசினவர்களைக் கர்த்தர் அங்கே விசாரிக்கிறார். நான் பூசினதும் அதே சாந்துதானே! "பாபா, பார்த்துத்தான் மூடினேன்" என்றேன். அழுதுவிட்டேன்.

அதற்குப் பின் ஐந்து வெள்ளிக்கிழமை, என் லீவு நாளில், என் காசில் தகடு வாங்கி அந்த வண்டியைச் செய்தேன். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, தளத்தை வெட்ட ஆரம்பித்தேன். கையகலம் என்று நினைத்த துரு, வெட்ட வெட்ட ஒரு முழத்துக்குப் போயிற்று. பளிச்சென்று நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டத்தான் வேண்டும். கொஞ்சம் துருவை உள்ளே விட்டு மூடினால் அது மறுபடியும் தின்னும்.

பிறகு அதே கனத்தில் புதுத் தகடு வெட்டிப் பொருத்தினேன். ஒரே இழுப்பாய் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துபோகும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. ஆறவிட்டு மறுபடியும் ஒரு பொட்டு. தேவனும் நம்மை அப்படித்தான் செப்பனிடுகிறார். ஒரேயடியாய்ச் சுட்டுப்போடுகிறவரல்ல அவர்.

பட்டியே கூடாதென்று நான் சொல்லவில்லை. நல்ல இரும்பின்மேல் மேடுபள்ளம் தீர, மெல்லிசாய்ப் போடலாம். 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஓட்டையை மூட அது உதவாது. கடைசியில் கதவுக்கு அடியிலுள்ள தண்ணீர் வடிகிற துவாரங்களைப் பார்த்தேன். எல்லாம் மண் அடைத்துக் கிடந்தது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை! கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். தேவபிள்ளையே, தினசரி ஜெபத்தில் அறிக்கை செய்கிற வழி உனக்குள் அடைபட்டிருக்கிறதா? நீதிமொழிகள் 28:13-ஐ முழங்காலில் நின்று வாசித்துப் பார்.

வண்டியை எடுக்க வந்த பெரியவர் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பட்டி கனமாய் இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது. தளத்திலும், கதவுக்குக் கீழேயும் வைத்து வைத்துப் பார்த்தார். டக், டக்கென்று ஒட்டிற்று. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய சம்பளம்!

பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமை நாம் பளபளவென்றுதான் வருகிறோம். கைதட்டுகிறோம், அந்நிய பாஷை பேசுகிறோம். ஆவியானவர் தம் காந்தத்தை உன் வீட்டுக்குள் வைத்தால் ஒட்டுமா? கூடப்பிறந்தவனோடு பேசாத வருஷங்கள், திருப்பிக் கொடுக்காத கடன், மனைவிக்குத் தெரியாத காரியம் — எந்த இடத்தில் பேப்பரைத் திணித்து வைத்திருக்கிறாய்? ஒருநாள் வேறொருவர் கால் அதில் இறங்கும். உன் பிள்ளையின் காலாகவும் இருக்கலாம்.

சகேயு திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான் (லூக். 19:8). இந்த வாரம் யாரிடத்தில் போய், "பார்த்துத்தான் மூடினேன்" என்று சொல்ல வேண்டுமோ, போய்ச் சொல். வெட்டுகிறபோது வலிக்கும். ஆனாலும் வெட்டுகிற கரம் ஆணி பாய்ந்த கரம். அவர் பாதியில் விடமாட்டார்.

கர்த்தர்தாமே உங்களை உள்ளும் புறமும் புதிதாக்குவாராக. ஆமென். அல்லேலூயா!