நடுவில் நிற்பவர்

இறைவனையோ பொருளையோ நேரே அறிவதே மெய்யறிவு, நடுவில் யார் நின்றாலும் அறிவு மாசுபடும் என்று பலர் நம்புகிறார்கள். அகச்சிவப்பு நுண்ணோக்கியின் வரலாறு இதை ஏற்கவில்லை. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான நுணுக்கங்களை வில்லைகளால் பிரித்துக் காட்ட இயலாது என்று 1873இல் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே விளக்கினார். 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அந்த எல்லை சுமார் 5 மைக்ரோமீட்டர். அதனினும் நுண்ணிய செய்திகளைத் தாங்கும் புலம் பொருளின் மேற்பரப்பை ஒட்டியே நின்று, சற்று விலகியதும் தேய்ந்துவிடும். தொலைவிலுள்ள கண்ணை அது ஒருபோதும் எட்டாது. மிகச்சிறிய பொன்துகள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு பொருளை ஆராயலாம் என்று ஆய்வாளர் எட்வர்ட் சிங் 1928இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். இன்று உலோக முனையையோ துகளையோ மேற்பரப்பருகே கொண்டுசென்று, அங்குள்ள புலத்தைத் தொலைவு செல்லும் ஒளியாக மாற்றுகிறார்கள். சில பத்து நானோமீட்டர் நுணுக்கம்கூடத் தெரிகிறது.

துகளும் பொருளும் ஒன்றையொன்று தூண்டுவதால், தெரிவது பொருளா துகளா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உருவம் சரியாகத் தெரியாத முனையின் பங்கைக் கணிப்பது கடினம். அளவு தெரிந்த பொன்னுருண்டையின் பங்கைக் கணக்கிட்டுப் பிரிப்பது எளிது. துகளை மேலும் கீழும் அசைத்து, அந்த அசைவின் அதிர்வெண் மடங்குகளில் மாறும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால் பின்னணி ஒளியின் பெரும்பகுதி விலகிவிடும். ஆக, நடுவில் நிற்பதை அகற்றுவதால் அல்ல, அதன் இயல்பை அறிவதால்தான் அறிவு தெளிகிறது.

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியின் வரலாறும் இதையே எண்ண வைக்கிறது. காஞ்சிப் பெருமாள் வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவர் வழியாகவே ராமானுஜர் தம் ஐயங்களுக்கு வரதரின் ஆறு விடைகளைப் பெற்றார் என்கிறது வைணவ மரபு. பொன்துகளைச் சோதிப்பதுபோல் நம்பியைச் சோதிக்க முடியுமா என்பார்கள். முடியாது, அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆய்வகம் சமயத்தை நிரூபித்துவிடவும் இல்லை. ஆனால் சொன்னவர் யார், தமக்கென எதையேனும் நாடினாரா, சொல்லும் வாழ்வும் ஒத்தனவா என்று ஆராய்வது நம் மரபு அறிந்த அளவைதான். அதை விட்டுவிட்டு நடுவில் நிற்பவர் எவரையும் நம்புவது மூடம். எவருமே வேண்டாம் என்பது செருக்கு. வரதர் தந்ததாகச் சொல்லப்படும் ஆறாவது விடையோ, பெரிய நம்பி என்பவரை ஆசாரியராகப் பற்று என்பது. இறைவன் வாக்கே இன்னொரு மனிதரிடம் அனுப்புகிறது என்றால், ஆசாரியரைத் தேர்ந்து பற்றுவதும் ஞானத்தின் ஒரு பகுதியே.