தவறே நடக்காத வார்டு

ஆறு மாதத்தில் ஒரு மருந்துகூட மாறிப்போகவில்லை என்று கணக்குக் காட்டும் வார்டு ஒன்று. அப்படிப்பட்ட தவறுகள் ஏட்டில் வரிசையாகப் பதிவான வார்டு இன்னொன்று. உங்கள் அம்மாவை எதில் சேர்ப்பீர்கள்?

எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நம்மைப் போலத்தான் நினைத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. எந்தக் குழுவின் கணக்கு எப்படி என்று தெரியாத ஒருவரை வார்டுகளுக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்ல குழுவில் நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மூச்சுவிடவில்லை. 1996-இல் வெளிவந்த ஆய்வு இது. மருத்துவமனையின் பண்பாட்டை அளக்கக் கிளம்பும் எவரும் முதலில் படிக்க வேண்டியது.

தவறே செய்யாதவர் கடவுள் ஒருவர்தான் என்பார்கள். தவறே நடக்காத மருத்துவமனையை நம்புகிறவர் கோயிலுக்குப் போகாமலே பக்தராகிவிட்டார்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நிதியும் நிர்வாகமும் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லி 2008 பிப்ரவரியில் அதற்குத் தன்னாட்சித் தகுதி கொடுத்தார்கள். ஓராண்டில் முதல் விசாரணை அறிக்கை வந்தது. 2013-இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை. மலம் ஒட்டிய விரிப்பிலேயே கிடந்த நோயாளிகள், கைக்கெட்டாத தண்ணீர், யாரை முதலில் பார்ப்பது என்று அவசரப் பிரிவில் முடிவுசெய்த வரவேற்பறை ஊழியர்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்பிவிட வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டியதாகக் காட்ட நேரத்தைத் திருத்தி எழுதினார்கள் என்று ஹெலீன் டொனலி என்ற செவிலியர் சாட்சி சொன்னார். புகார் கொடுத்ததற்கு அவருக்குக் கிடைத்தது சக ஊழியர்களின் மிரட்டல்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே அளவீட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுதோறும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டார்கள், நோயாளிகளிடமும் கேட்டார்கள். யாரும் பொருட்படுத்தாத எச்சரிக்கைகளின் பட்டியலில் அந்தக் கணிப்புகளையும் ஃபிரான்சிஸ் சேர்த்தார். பதில் கைக்கு வந்த பிறகும் அசையாத நிர்வாகம் கேள்வித்தாளை அச்சடிப்பது சடங்கு. மந்திரத்துக்குப் பதில் சதவீதம், அவ்வளவுதான்.

பழியை மேலதிகாரி தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போகவும் முடியாது. ஊசி மாறிப்போட்டார்கள் என்று செய்தி வந்தால், அந்தச் செவிலியரை வேலையைவிட்டுத் தூக்கு என்று முதலில் கத்துவது யார்? ஒரே மாதிரிக் குப்பியில் இரண்டு மருந்தை வாங்கி வைத்தது யார், ஒருவர் தலையில் எத்தனை படுக்கையைக் கட்டினார்கள் என்று நாம் கேட்பதில்லை. நோயாளியைப் பட்டினி போட்டவரையும் தூக்கக் கலக்கத்தில் குப்பியை மாற்றி எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். அடுத்தவர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனத்தைத்தான் பிறகு ‘தவறு: பூஜ்யம்’ என்று சுவரில் மாட்டுகிறார்கள்.

தீங்கு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2014-இல் இங்கிலாந்தில் சட்டமே வந்தது. நல்ல சட்டம். ஆனால் என்னைக் கேட்டால், நாற்பது கேள்விப் படிவத்தைவிட ஒரே கேள்வி போதும்: கடைசியாகத் தவறை வெளியே சொன்ன ஊழியர் இன்றைக்கு எந்த வேலையில் இருக்கிறார்? இதற்குப் பெயரோடு பதில் சொல்லட்டும், அப்புறம் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.