பழசா, புதுசா?

திண்டுக்கல்லில் பழைய பூட்டை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறீர்களா? லீவர் புதுசு, ஸ்பிரிங் புதுசு. ஆனாலும் தாத்தாவின் சாவிக்குத் திறந்தால் அது தாத்தா பூட்டுதான்!

1855-ல் இங்கிலாந்தில் செய்த ரயில் எஞ்சின் இ.ஐ.ஆர். 21. 1909-ல் ஓய்வு பெற்று, நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றது. 2010-ல் பெரம்பூர் பணிமனையில் புதுப் பாகங்கள் பொருத்தி ஓட வைத்தார்கள்.

'அப்புறம் எப்படிய்யா அது 1855 எஞ்சின்?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. தொடாமல் விட்டிருந்தால் அசலாகவே இருந்திருக்கும், துரு உட்பட. ஆனால் எஞ்சின் என்பது இரும்பா, ஓட்டமா? கொஞ்சம் இரும்பு போனாலும், நீராவி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் மிஞ்சுவது பெரிய லாபம் என்பேன்.

ஒரே நிபந்தனை. கழற்றிய பாகங்களை, மாற்றிய தேதி எழுதிப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நல்ல பூட்டுக்காரர்கூட பழைய லீவரை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி கேட்பார்.