குடித்தவன் உயிரும் கொடுப்பவள் உரிமையும்

‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்ற முதுமொழி, பெரும்பாலும் அடுத்தவன் துன்பத்தைக் காணும்போதுதான் மனிதர்க்கு நினைவு வருகின்றது. குடியால் ஈரல் கெட்டவனுக்கு மாற்று ஈரல் கொடுக்கலாமா என்ற வினா கந்தப்பளையில் நம் வகுப்பில் எழுந்தபோதும் இம்மொழியே முன்வந்தது. சொன்னவர் பலர், தந்தையரைக் குடிக்குப் பறிகொடுத்த சிலர் தலைகுனிந்திருந்தனர்.

வினாவை எளிதில் ஒதுக்குதல் தகாது. தானமாகக் கிடைக்கும் ஈரல் அரியது. ஒருவனுக்குக் கொடுத்தால், குடியே அறியாத குழந்தையொன்று காத்திருக்க நேரலாம். ஆயின், குடித்தவனுக்குக் கொடுப்பது வீண் என்பது உண்மையன்று. 1963இல் டென்வரில் ஈரல் மாற்றத்தை முதன்முதல் முயன்ற தோமஸ் ஸ்டார்சலின் குழுவினர், குடியால் நோயுற்றோரும் பிறரைப் போலவே பிழைப்பதை 1988இல் எடுத்துக்காட்டினர். ஆறு மாதம் குடியாதிருந்தவனுக்கே சிகிச்சை என்ற விதி பல நாடுகளில் நிலைத்தது. அவ்விதியைத் தளர்த்தி, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கவனமாகத் தெரிந்தெடுத்த 26 பேருக்கு ஈரல் மாற்றிய முடிவு 2011இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின் 77 வீதத்தினர் உயிரோடிருந்தனர். மாற்றம் பெறாத ஒத்த நோயாளரில் 23 வீதத்தினரே. மீண்டும் குடித்தோர் மூவர்.

ஆகவே, ‘இவனுக்குப் பயன்படுமா?’ என்று மருத்துவர் கேட்பது நியாயம். ‘இவன் தகுதியுடையவனா?’ என்று கேட்பதோ நீதிபதியின் ஆசனத்தில் அமர்வதாகும். அமர்வதாயின் விசாரணை முழுமையாக நடக்கட்டும். 19ஆம் நூற்றாண்டில் குடியேற்ற அரசு சாராயக் குத்தகையை ஏலமிட்டது. தோட்டப்புறங்களில் தவறணைகள் பெருகின. அக்குத்தகையில் திரண்ட செல்வத்திலிருந்து ஒரு முதலாளி வர்க்கமே எழுந்த கதையைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் விரிவாக எழுதினார். மதுவரி இன்றும் அரசின் வருவாய். அவ்வாறிருக்க, குற்றவாளிக் கூண்டில் லயத்துத் தொழிலாளி மட்டும் நிற்பது என்ன நீதி?

இன்னொருத்தியையும் நாம் மறக்கலாகாது. ஈரல் மீள வளரும் உறுப்பாதலால், உயிரோடிருப்பவரும் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். அப்பொழுது எல்லோர் கண்ணும் மனைவியை நோக்கும். அவளோ கொழுந்துக் கூடை சுமந்து, அவன் குடித்தழித்த கூலியையும் ஈடுசெய்தவள். ‘புருஷன் உயிரல்லவா’ என்று நெருக்கிப் பெறுவது தானமன்று, பறிப்பு. அவள் மறுக்கும் உரிமை, அவன் வாழும் உரிமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ராகமையில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. ஆனால் கண் மஞ்சளாகும் முன்பே குடியை விட உதவும் வைத்தியமும் ஆதரவும் லயத்தின் வாசலுக்கு வரவேண்டும். அதைக் கேட்டுப் போராடாமல் நோயாளியின் ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் அறம், தலைகுனிந்திருக்கும் அப்பிள்ளைகளுக்கு எவ்விடையும் தராது.