ஒப்புவித்தலும் கைவிடுதலும்

தருமபுரி அன்பரொருவர் எமக்கு எழுதியதாவது: அவர்தம் மகனும் மருகியும் இளங்குழவியர் இருவரையும் பாட்டியிடம் விடுத்துச் சனி ஞாயிறு இருநாளும் ஒகேனக்கல் சென்று வந்தனர். புறப்படுங்கால் மகன், "இறைவன் பார்த்துக்கொள்வான்" என்றாராம். இஃது அறமோ என்பது வினா.

தருமபுரி பழைய தகடூர். அதனையாண்ட அதிகமான் பெயர், ஆதியும் பகவனும் ஈன்ற எழுவருள் ஒருவர்க்கும் கபிலரகவலில் வழங்குகின்றது. இருவரும் ஒருவரென யாம் துணியோம். ஈன்ற மக்களை ஈன்றவிடத்தே விடுத்தேகுதல் அவ்விருவர்தம் உடன்பாடு. தாய் தயங்கியபொழுது, எவ்வுயிர்க்கும் உணவளிப்பான் தன்னையும் காப்பானென மகவே தேற்றிற்றென்பர். அச்சொல் மகவின் வாயில் ஞானம். பெற்றோர் வாயிலோ கடமையினின்று நழுவுதல்.

சீகாழியில் சிவபாதவிருதயர் மூவாண்டுப் பிள்ளையாரைக் குளக்கரையில் இருத்தி நீருள் மூழ்கினார். அச்சிறுபொழுதில் அழுத பிள்ளைக்கு அம்மையே ஞானப்பால் ஊட்டினாள். ஆயினும் கரையேறிய தந்தையார், யார் அளித்த பாலை உண்டனை எனச் சிறுகோல் ஓங்கி வினவினார். (ஓங்கியது தகுமோ என்பது வேறு வழக்கு.) இறைவி காத்தமை தந்தையின் வினாவை ஒழித்திலது.

கணவனும் மனைவியும் இருநாள் தனித்திருத்தலை யாம் குற்றமென்னோம். இல்லறத்திற்கு அவ்விருவர் அன்பே வேர். பாட்டியிடம் ஒப்புவித்தல் கைவிடுதலுமன்று. ஆயின் இறைவன்மேல் ஏற்றிய சுமையை ஈண்டுச் சுமந்தவர் முதிய தாயார். அவரை முன்னரே கேட்டனரா? மீண்டபின், பிள்ளைகள் உண்டதும் உறங்கியதும் வினவினரா? அன்பர் கடிதத்தில் இவ்விரண்டும் இல்லை. அறிவித்தால் மேலும் எழுதுவோம்.