பின்வாசல்

என் தமக்கை நான்கு வருஷமாகக் கடற்கரையை ஒட்டிய ஒரு முதியோர் குடியிருப்பில் வசித்து வருகிறாள். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில், கோவளத்துக்குச் சற்று இப்பால் இருக்கிறது அது. "அக்காவைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளிவிட்டான்" என்று உறவினர்கள் சிலர் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. அவளே விரும்பி, வீடு விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு, எனக்குத் தகவல் மட்டும் தெரிவித்தாள் என்றால் நம்ப மாட்டார்கள். அந்த வழக்கை இங்கே நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வயோதிகரைக் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். என் மனத்தை உறுத்துவது வேறு விஷயம்.

அந்தக் குடியிருப்புக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலில் காகிதப்பூக் கொடி படர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் பேத்திகள் அதன் வழியாகத்தான் வருவார்கள். இடம் எப்படி என்று பார்த்துப் போக வருகிறவர்களும் அப்படியே. பின்வாசல் சவுக்குத் தோப்பைப் பார்த்தது. காய்கறி மூட்டையும் எரிவாயு உருளையும் அதன் வழியே உள்ளே வரும். இறந்து போனவர்கள் அதன் வழியே வெளியே போவார்கள். இரவிலோ, விடியுமுன்போ, ஊதல் ஒலிக்காத வண்டியில். மறுநாள் காலைப் பலகாரத்துக்கு எல்லாரும் கூடும்போது கூடத்தில் ஒரு நாற்காலி குறைந்திருக்கும். கேட்டால், "மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்றோ, "ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்றோ பதில் வரும்.

சென்ற மார்கழியில் நான் போயிருந்தபோது மானேஜர் என்னை அறைக்குள் அழைத்து, அக்காவின் மேஜைத் தோழி முதல்நாள் இரவு காலமாகிவிட்டதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை அந்த அம்மாள். இருவரும் தினமும் பத்திரிகையின் குறுக்கெழுத்தைச் சேர்ந்து போடுவார்கள்; இடமிருந்து வலம் அவருக்கு, மேலிருந்து கீழ் அக்காவுக்கு. "உங்கள் அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம், சார். இரத்த அழுத்தம் இருக்கிறது. மெதுவாக நாங்களே சொல்லிக்கொள்கிறோம்" என்றார் மானேஜர்.

நான் திரும்பி வந்தேன். அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக் காலம் ஓய்ந்தும் தண்ணீர் கலங்கித்தான் கிடந்தது. "மானேஜர் எதற்குக் கூப்பிட்டார்?" என்றாள். "கணக்கு விஷயம்" என்றேன். "ஓகோ" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமான தொழில். ஆனால் அந்தக் காப்பி தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது.

மானேஜர் கெட்டவர் அல்ல. ஒருமுறை சாவுச் செய்தியைக் கேட்டு ஒரு பெரியவர் மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். சொல்லக்கூடாது என்று பல பிள்ளைகளே கேட்டுக்கொள்கிறார்களாம். இதற்கு வள்ளுவரையும் துணைக்கு அழைக்கலாம். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்பது 292-ஆம் குறளின் கருத்து. அதில் குற்றமற்ற நன்மை என்பதை நிர்ணயிக்கிறவர் யார் என்பதுதான் சங்கடம். மானேஜருக்கு அன்று ஒரு தொல்லை குறைந்தது. எனக்கு ஓர் அழுகையைப் பார்க்க வேண்டிய வேதனை மிச்சமாயிற்று. அக்காவுக்கு என்ன நன்மை விளைந்தது?

நம் பெரியவர்கள் மட்டும் உண்மையே பேசினார்களா என்று கேட்கலாம். கேகய நாட்டுக்குப் பரதனை அழைத்துவரப் போன தூதர்களிடம், தசரதன் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டாமென்று வசிஷ்டரே சொல்லி அனுப்பியதாக வால்மீகி எழுதியிருக்கிறார். அயோத்தி ஓசையற்றுக் கிடப்பதைக் கண்டே பரதன் கலங்கிப் போகிறான். நம் வீடுகளுக்கு வந்த தந்திகளும் அப்படித்தானே? "அப்பா சீரியஸ், உடனே புறப்படு" என்று இருக்கும். அதைப் படித்த எவனுக்கும் பொருள் தெரியும். ரயிலிலேயே அழுது முடித்துவிட்டு வந்து இறங்குவான். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது அந்த நாசூக்கான பொய்யும் கூடவே போய்விட்டது. ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். தந்தி உண்மையைத் தாமதப்படுத்திற்று, அழைக்காமல் இருக்கவில்லை. வா என்றது. அந்தத் தோழியின் விஷயத்தில் அக்காவை வா என்று யாரும் கூப்பிடவில்லை.

நான் பிறந்த கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் சங்கு ஊதும். பிணம் எடுக்கும் வரையில் அந்தத் தெருவில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்; கோயில் நடையைத் திறக்க மாட்டார்கள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் திண்ணையில் வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும். இந்த வழக்கங்களில் ஜாதிக் கட்டுப்பாடும் கொடுமையும் கலந்திருந்தன. பறையடித்தவனுக்கு அதில் என்ன மரியாதை இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட ஏழைக் கிழவியானாலும் தன் சாவினால் தெரு அரை நாளாவது நின்றுபோகும் என்று அறிந்தே கண்ணை மூடினாள்.

அந்தக் குடியிருப்புக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. அங்கே யாராவது இறந்துவிட்டால் அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. விடியற்காலையில் தாழ்வாரத்துக்கு வரும் இவர்கள், படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "குப்பத்தில் யாரோ போய்விட்டார்கள், பாவம்" என்று சொல்லிக்கொள்வார்கள். அரை மைல் தூரத்துச் சாவு தெரிகிறது. அடுத்த அறைச் சாவு தெரிவதில்லை.

தெரிவதில்லை என்றா சொன்னேன்? அடுத்த மாதம் போனபோது என்னால் பொறுக்க முடியாமல், "அக்கா, அன்றைக்கு நான் ஒன்றை மறைத்துவிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "நீ வருவதற்கு முன்பே தெரியும். அவள் செருப்பு வாசலில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் செருப்பை விட்டுவிட்டுத்தான் போவாள், தூக்கிக்கொண்டல்லவா போவார்கள்? அறையைக் கழுவி வைத்தால்தான் செருப்பும் போகும்."

"பின்னே ஏன் என்னிடம் கேட்டாய்?"

"நீ சொல்வாயோ என்று பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு, மேலே கேட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டேன்."

ஆக, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டு அவள் என்னைக் காப்பாற்றினாள். அழ வேண்டிய ஒரு பகற்பொழுதைக் காப்பி ஆற்றிக் கழித்திருக்கிறாள்.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அங்கே ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் இதைப் பற்றிப் பேச்செடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு வேண்டாம், சார். மனைவியையும் ஒரு மகனையும் அனுப்பிவைத்தாயிற்று. இனிமேல் யார் போனாலும் எனக்கு அவர் மகன் வீட்டில்தான் இருக்கிறார்" என்றார். அவரைப் பிடித்து உட்கார வைத்து உண்மையைப் புகட்ட எனக்கு என்ன அதிகாரம்? கேட்காதவனிடம் சொல்வது ஒரு விஷயம். கேட்டவளிடம் மறைப்பது வேறு விஷயம். நான் செய்தது இரண்டாவது.

அக்காவிடம் ஒரு யோசனை இருந்தது. பெரிய அறிவிப்பு எதுவும் வேண்டாம். யாராவது போய்விட்டால் கூடத்தின் மூலையில் ஒரு விளக்கை ஏற்றிப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்தால் போதும். பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள். வேண்டாதவர்கள் அந்த மூலைக்குப் போகாமல் இருந்துகொள்ளலாம். உப்புக் காற்றில் விளக்கு அணையாமலிருக்கக் கண்ணாடிக் கூண்டு ஒன்று வேண்டுமாம். ஜன்னல் கீலே ஒரு வருஷத்தில் துருப்பிடித்து உதிர்கிற இடம், ஆகையால் பித்தளையில் வேண்டுமாம். என்னை மயிலாப்பூரில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

மானேஜர், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

புறப்படும்போது அக்கா என்னை முன்வாசல் வரையில் கொண்டுவந்து விட்டாள். "என் முறை வரும்போது இந்தப் பக்கமாக எடுத்துப் போகச் சொல்" என்றாள். நான் பேசாமல் நின்றேன்.

"அசடு, எதற்கு முகத்தைத் தூக்குகிறாய்? பின்வாசலில் ஒரு படி உயரம் இருக்கிறது. இருட்டில் தூக்குகிற பையன்கள் தடுக்கி விழுவார்கள்" என்றாள்.